ராத்திரி கப்பல்ல எந்த கேபின் எடுக்கிறது? நம்ம ஊர்க்காரங்க அடிக்கடி கேக்கிற கேள்விகள்

கெடாவுல பீடோங், சுங்கை லாலாங், குரூண் பக்கத்துல இருந்து வெளிநாடு போறவங்களுக்கு டிக்கெட் போட்டுக் குடுக்கிறது என் வேலை. முன்னெல்லாம் இந்தியா, ஹட்யாய், மேடான்னு போயிட்டிருந்த நம்ம ஆளுங்க இப்ப பிள்ளையோட கான்வோக்கு, அதாவது பட்டமளிப்பு விழாவுக்கு, மெல்பர்ன் போறாங்க, மகன் வேலை பாக்கிற லண்டனுக்குப் போறாங்க, போன எடத்துல சும்மா இருக்க மனசு வராம அங்கேருந்து டாஸ்மேனியா, ஹாலந்து, ஃபின்லாந்துன்னு ராத்திரி கப்பல் ஏறுறாங்க. பிளேன் டிக்கெட்டுக்கு அவ்வளவா கேள்வி வராது, கப்பல் கேபின்னு வந்துட்டா போன் ஓயாது. தோட்டத்துல பால்மரம் வெட்டி, செம்பனை குலை தூக்கி பிள்ளைங்கள ஆளாக்கினவங்க வாழ்க்கையில ஒரு தடவ போற பயணம் இது, ராத்திரி பூரா தூங்காம இடுப்பு வலியோட எறங்கக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன். ஜன்னலுக்குக் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி கட்டிலுக்குக் காசு குடுங்க. யார் எந்தக் கட்டில்ல படுக்கப் போறாங்க, அந்த கேபின் கப்பலோட எந்தப் பக்கத்துல இருக்கு, நடுராத்திரி எழுந்திரிச்சா பாத்ரூம் போக கஷ்டமா இல்லையா, இந்த மூணையும் பாத்துட்டு அப்புறம் மத்ததப் பாருங்க.

பினாங்கு ஃபெரி, லங்காவி ஃபெரி எல்லாம் ஏறியிருக்கோம், அது மாதிரிதானே அண்ணே?

இல்லங்க. பட்டர்வொர்த்துல ஏறுனா கால் மணி இருபது நிமிஷத்துல பினாங்கு, கோலக் கெடாவுல ஏறுனா ஒண்ணே முக்கால் மணி நேரம் மாதிரி லங்காவி, ரெண்டுலயும் சீட்டுல உக்காந்து அப்படியே எறங்கிடுறோம். ராத்திரி ஃபெரிங்கிறது பெரிய கப்பல், கீழ் டெக்குல, அதாவது கீழ் தட்டுல, காரு, லோரி, அதுக்கு மேல சாப்பாட்டுக் கடை, சாமான் கடை, அப்புறம் வரிசை வரிசையா கேபின். சாயங்காலமோ ராத்திரியோ ஏறி, படுத்துத் தூங்கி, காலையில வேற ஊர்ல எறங்குறது.

லங்காவி போட்ல வாந்தி எடுத்தவங்க நிறைய பேரு "எனக்குக் கப்பலே ஒத்துக்காது"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. அது சின்ன போட், வேகமா போறது, ஒவ்வொரு அலைக்கும் குதிக்கும். பெரிய ஃபெரிங்கள்ல தண்ணிக்குள்ள ரெண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் நீட்டிக்கிட்டு இருக்கும், இடம் வலமா உருளுறத அது நல்லா கொறைக்கும். ஆனா முன்னும் பின்னும் ஏறி எறங்குற ஆட்டத்த அது பெருசா நிறுத்தாது, அதனாலதான் கேபின் எங்க இருக்குங்கிறது முக்கியம், அத கீழ விவரமா சொல்றேன்.

கேபின் எடுக்காம சீட்டுலயே உக்காந்து போனா காசு மிச்சம்தானே?

மிச்சம்தான், ஒத்துக்கிறேன். மெல்பர்ன் பக்கத்துல இருக்கிற ஜீலோங்ல இருந்து டாஸ்மேனியாவோட டேவன்போர்ட்டுக்குப் போற ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியாவுல சாயுற சீட்டு இருக்கு, கிரீஸ் கப்பல்கள்லயும் இருக்கு. இருபது வயசுப் பிள்ளைங்க நாலு பேரு போறாங்கன்னா தாராளமா எடுக்கட்டும். ஆனா 10, 11 மணி நேரம் அந்த சீட்டுல காலத் தொங்கப் போட்டு உக்காந்தா வயசானவங்களுக்குக் கால் வீங்கும், பக்கத்துல யாராச்சும் கொறட்டை, எங்கயோ ஒரு பிள்ளை அழுவும், விளக்கு முழுசா அணைக்க மாட்டாங்க. மறுநாள் காலையில எறங்கி மகன்தான் காரு ஓட்டணும்னா, தூங்காத மகன் ஓட்டுற காருல குடும்பமே உக்காரப் போகுது, அத நெனச்சுப் பாருங்க. சர்க்கரை, பிரஷர் உள்ளவங்களுக்கு சீட்டு போட்டுக் குடுங்கன்னு கேட்டா நான் ரெண்டு தடவ யோசிங்கன்னுதான் சொல்வேன்.

சில பாதையில அந்தக் கேள்வியே வராது. இங்கிலாந்து ஹார்விச்சுல இருந்து ஹாலந்து ஹூக்குங்கிற துறைமுகத்துக்குப் போற ஸ்டெனா லைன் ராத்திரி கப்பல்ல கேபின் கட்டாயம், ஹல்லுல இருந்து ராட்டர்டாம் போற கப்பல்ல கேபினும் சேத்துதான் டிக்கெட்.

கேபின் எவ்வளவு பெருசு? உள்ள என்ன இருக்கும்?

சாதாரண கேபின் லயத்து வீட்டு சமையல்கட்டு அளவுதான் இருக்கும், ஹோட்டல் ரூம் நெனச்சுட்டுப் போகாதீங்க. ரெண்டு பக்கமும் ஒடுக்கமா கட்டில், ஒரு ஆள் படுக்கலாம், நடுவுல நடக்க கொஞ்சம் எடம், கதவு பக்கத்துலயே குட்டி பாத்ரூம். மேல் கட்டில் பெரும்பாலும் சுவத்தோட மடிச்சு வச்சிருக்கும், வேணும்ங்கிறப்ப எறக்கிக்கலாம், ஏற ஏணி இருக்கும். பெரிய சூட்கேஸ் ரெண்டு தொறந்து வச்சா கால் வைக்க எடம் இருக்காது. அதனால ஒரு ராத்திரிக்கு வேண்டியத மட்டும் தனி பேக்ல போட்டு எடுத்துக்கங்க, மத்தத காருலயே விடுங்க, இல்லைன்னா கட்டிலுக்கு அடியில தள்ளுங்க.

ஜன்னல் வச்ச கேபின் எடுக்கலாமா, உள் கேபின் எடுக்கலாமா?

இதுதான் எல்லாரும் கேக்கிறது. என் பதில் பாதையைப் பொறுத்தது, மாசத்தையும் பொறுத்தது.

டாஸ்மேனியா கப்பல் சாயங்காலத்துக்கு மேல கெளம்பி விடியக்காலம் சேர்றது, நடுவுல ராத்திரி கடல்தான், ஜன்னல்ல கருப்பா இருக்கும், ஒண்ணும் தெரியாது. ஹார்விச் கப்பலும் அப்படித்தான், ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சுக் கெளம்பும். இந்த மாதிரி பாதைக்கு உள் கேபின் போதும், மிச்சப்படுற காச கட்டிலுக்குப் போடுங்க.

ஸ்வீடனோட ஸ்டாக்ஹோம்ல இருந்து ஃபின்லாந்தோட ஹெல்சிங்கி போறது வேற கதை. சாயங்காலம் 5 மணி வாக்குல கெளம்பி மறுநாள் காலை 10 மணிக்கு மேலதான் சேரும், கெளம்புன உடனே மணிக்கணக்கா சின்னச் சின்னத் தீவுக்கு நடுவுல மெதுவா போகும், மரமும் பாறையும் ஒண்ணு ரெண்டு செவப்பு வீடும் ஜன்னலுக்குப் பக்கத்துலயே வரும். ஜூன் ஜூலையில அங்க ராத்திரி ரொம்ப நேரம் வெளிச்சம் இருக்கும். அந்த மாசத்துல அந்தப் பாதையில ஜன்னலுக்குக் குடுக்கிற காசு வீணே இல்ல, முட்டி வலியில டெக்குக்குப் போக முடியாத அம்மாவும் கட்டில்ல சாஞ்சபடியே பாத்துக்கிட்டு வரலாம். டிசம்பர்ல போனா மூணு மணிக்கே இருட்டிடும், அப்ப உள் கேபினே எடுங்க.

ஒண்ணு கவனமா பாருங்க. "விண்டோ"ன்னு போட்டிருந்தா கடல்தான் தெரியும்னு நெனச்சுடாதீங்க. அதே ஸ்டாக்ஹோம் ஹெல்சிங்கி பாதையில ஓடுற சில்ஜா செரினேட், சில்ஜா சிம்பொனி ரெண்டு கப்பலோட நடுவுலயும் கடை வீதி ஒண்ணு நீளமா ஓடும், புரோமனேட் கேபின்னு விக்கிறதோட ஜன்னல் அந்த வீதியப் பாத்துதான் இருக்கும். பிள்ளைங்களுக்கு வேடிக்கையா இருக்கும், கடல் பாக்க ஆசைப்பட்டு எடுத்தவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். புக்கிங்ல "சீ" இல்லன்னா "சீசைடு"ன்னு தெளிவா போட்டிருக்கான்னு பாருங்க.

மூடுன எடத்துல மூச்சு முட்டுற மாதிரி பயம் உள்ளவங்களுக்கு மட்டும் எந்தப் பாதையா இருந்தாலும் ஜன்னல் கேபின்தான், அதுல காசு பாக்காதீங்க. சின்ன வட்டக் கண்ணாடியா இருந்தாலும் விடியிறது தெரியும், அது அவங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எந்த எடத்து கேபின் ஆடாது தம்பி?

ஆடாத கேபின் கெடையாதும்மா, கொறைவா ஆடுறது இருக்கு. கப்பல் அலையில ஏறி எறங்குறப்ப மூக்கும் வாலும்தான் அதிகமா தூக்கிப் போடும், நடுப்பகுதி கம்மி. அதே மாதிரி மேல் டெக்கு அதிகமா சாயும், கீழ் டெக்கு கம்மி. அதனால கப்பலோட நீளத்துல நடுவுல, கேபின் இருக்கிற டெக்குங்கள்ல கீழ் டெக்குல கேளுங்க. முன்னாடி பக்கம் போனா அலை வந்து அடிக்கிற சத்தம் பொத்து பொத்துன்னு கட்டில்லயே கேக்கும், ஐரோப்பா வடக்குல பிப்ரவரி மார்ச்சுல ஐஸ் ஒடைச்சுக்கிட்டு போறப்ப கப்பல் ஒடம்புல உரசுற சத்தமும் வரும். கடைசிப் பக்கம் இஞ்சினோட அதிர்வு, தண்ணிக்கு அடியில சுத்துற புரொப்பெல்லரோட நடுக்கம், கிளாஸ்ல தண்ணி வச்சா சின்னச் சின்ன வட்டம் வந்துக்கிட்டே இருக்கும்.

டாஸ்மேனியா பாதையில போற பாஸ் நீரிணை ஆழம் கம்மி, சராசரி 60 மீட்டர் மாதிரிதான், மேக்க இருந்து வர்ற பலத்த காத்து பெரிய கடல்ல கெளப்புற அலை அந்த ஆழமில்லாத எடத்துல வந்ததும் செங்குத்தா எழும்பும். எல்லா நாளும் அப்படி இல்ல, அமைதியா போய் சேந்தவங்கதான் அதிகம், ஆனா அங்க போறவங்களுக்கு நடுப்பகுதி கேபின் நான் அழுத்திக் கேப்பேன். ஸ்டாக்ஹோம் பாதை ரொம்ப நேரம் தீவுங்களுக்கு நடுவுல போறதால அவ்வளவா ஆடாது, அங்க எடத்தப் பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம்.

இன்னொண்ணு, உங்க கேபினுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க. எல்லாக் கம்பெனியும் டெக் பிளான் படம் போட்டிருப்பாங்க. டான்ஸ் ஹாலுக்கு நேர் கீழ கேபின் எடுத்தா விடிய விடிய தொப் தொப்புன்னு தலைக்கு மேல கேக்கும், லிப்டு, மாடிப்படி பக்கத்துல எடுத்தா ஆளுங்க சூட்கேஸ் இழுக்கிற சத்தம். நம்ம ஊரு அக்கா ஒருத்தவங்க, கணவர் எறந்த பிறகு மகளோட மொத தடவ வெளிநாடு போனவங்க, வடக்கு ஐரோப்பா கப்பல் ஒண்ணுல பார் இருக்கிற டெக்குலயே கேபின் கெடைச்சு, குடிச்சுட்டுப் போறவங்க எடம் மாறி வந்து கதவத் தட்டிக்கிட்டே இருந்திருக்காங்க, பயந்து போய் விடியிற வரைக்கும் மகள் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். அந்த மாதிரி வெள்ளி சனி ராத்திரி பார்ட்டி கூட்டம் ஏறுற பாதை உண்டு, முடிஞ்சா வாரத்து நடு நாள்ல போங்க.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணது, அம்மாவுக்கு 70 ஆச்சு. ரெண்டு பேருக்கு ரெண்டு பேர் கேபின் போட்டுடவா?

அவசரப்படாதீங்க. சில கப்பல்ல ரெண்டு பேர் கேபின்னா ஒரு கட்டில் கீழ, ஒரு கட்டில் மேல. அப்பாவ கீழ படுக்க வச்சுட்டு அம்மா ஏணி ஏறவா? புக் பண்ற முன்னாடி "ரெண்டும் கீழ் கட்டிலா"ன்னு கேட்டு உறுதி பண்ணுங்க. இல்லைன்னா நாலு பேர் கேபினே ரெண்டு பேருக்கு எடுங்க, அதுல கீழ ரெண்டு கட்டில் எதிரெதிரா இருக்கும், மேல் கட்டில மடிச்சே வச்சிடலாம், விலை வித்தியாசம் பல சமயம் அவ்வளவா இருக்காது.

பாத்ரூம் வாசப்படி பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, அத நான் சொல்லியாகணும். தண்ணி கேபினுக்குள்ள வராம இருக்க பாத்ரூம் கதவடியில ஒரு விளிம்பு ஒசரமா வச்சிருப்பாங்க. பகல்ல தெரியும். உள் கேபின்ல ராத்திரி விளக்கணைச்சா கை கூட தெரியாத கும்மிருட்டு, கப்பல் வேற ஆடும், தூக்கக் கலக்கத்துல எழுந்திரிச்சுப் போற பெரியவங்க கால் அதுலதான் தட்டும். பாத்ரூம் விளக்கப் போட்டு கதவ ஒரு விரல்கடை தொறந்து வச்சிட்டுப் படுங்க, கதவு ஆடாம இருக்க ஒரு துண்டச் சொருகிடுங்க. இது ஒண்ண மட்டும் செஞ்சீங்கன்னாலே எனக்கு நிம்மதி.

சக்கர நாற்காலி வேணும், வாக்கர் இல்லாம நடக்க முடியாதுங்கிறவங்களுக்கு தனி கேபின் இருக்கு, கதவு அகலமா, பாத்ரூம்ல விளிம்பு இல்லாம, புடிச்சுக்க கம்பியோட, அவசரத்துக்கு இழுக்கிற கயிறோட. ஆனா ஒரு கப்பல்ல கொஞ்சம்தான் இருக்கும், பல கம்பெனியில நெட்ல காட்டாது, போன் பண்ணியோ மெயில் போட்டோ கேக்கணும். ரொம்ப முன்கூட்டியே கேளுங்க.

நாங்க அஞ்சு பேர், கடைசிப் பையன் சின்னவன், நாலு பேர் கேபின்ல சமாளிச்சுக்கலாமா?

முடியாது. கப்பல்ல ஏறுற ஒவ்வொரு ஆளுக்கும் பேர் பதிவு உண்டு, கேபின்ல இத்தனை பேருன்னு கணக்கும் உண்டு, அது பாதுகாப்பு விஷயம். கைக்குழந்தைன்னா தொட்டில் கட்டில் சொல்லி வச்சா பல கப்பல்ல குடுப்பாங்க, அத புக் பண்றப்பவே கேக்கணும். ஆறு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைய மேல் கட்டில்ல படுக்க வைக்காதீங்க, தடுப்புக் கம்பி இருந்தாலும் கப்பல் ஆடுறப்ப நம்ப முடியாது. அஞ்சு பேருக்கு ரெண்டு கேபின் எடுக்கிறதுன்னா பக்கத்துப் பக்கத்துல கேளுங்க, சில கப்பல்ல நடுவுல கதவு வச்ச ரெட்டை கேபின் கூட இருக்கு.

நான் தனியா போறேன் அண்ணா. முழு கேபினுக்குக் காசு கட்டணுமா?

பாதையைப் பொறுத்ததும்மா. ஸ்டாக்ஹோம் ஹெல்சிங்கி பக்கம் பெரும்பாலும் முழு கேபினாதான் விலை போடுவாங்க. கிரீஸ்ல பிரேயஸ்ல இருந்து கிரீட் தீவுக்குப் போற ராத்திரி கப்பல்ல ஒரு கட்டில் மட்டும் வாங்கலாம், பொம்பளைங்க பொம்பளைங்களோட, ஆம்பளைங்க ஆம்பளைங்களோடன்னு பிரிச்சுதான் போடுவாங்க. தெரியாதவங்களோட படுக்க மனசு ஒப்பலைன்னா கூடக் கொஞ்சம் காசு போட்டு தனி கேபினே எடுங்க, உள்ள தாப்பா போட்டுட்டு தூங்குற தூக்கத்துக்கு அது தகும். ஒரு கட்டில் எடுத்தீங்கன்னா பாஸ்போர்ட்டும் பணமும் ஒடம்போட ஒட்டின பையில இருக்கட்டும், கீழ் கட்டில் வேணும்னா சீக்கிரமா போய் ஏறுங்க.

தாய்லாந்து ராத்திரி போட்ல கேபின் இருக்கா? ஹட்யாய்ல இருந்து பக்கம்தானே.

சூராட்தானில பான்டோன் துறையில இருந்து சாமுயி, பாங்ஙான், தாவ் தீவுகளுக்குப் போற ராத்திரி போட்டதானே கேக்கிறீங்க. அதுல நீங்க நெனக்கிற கேபின் கெடையாது. ஒரு தட்டு முழுக்க மெத்தைய வரிசையா போட்டிருப்பாங்க, உங்க நம்பர் மெத்தையில படுத்துக்கணும், ஒட்டுனாப்ல பக்கத்து ஆள். இளவட்டத்துக்கு சரி, குடும்பத்தோட பெரியவங்களோடன்னா பகல் ஃபெரியில போங்க.

வாந்தி மயக்கத்துக்கு என்ன எடுத்துக்கலாம்?

மருந்து எடுக்கிறதா இருந்தா கப்பல் ஆட ஆரம்பிச்சப்புறம் போட்டா லேட்டு, கெளம்புறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். பார்மசியில டைமென்ஹைட்ரினேட், ப்ரோமெத்தசின், சின்னரிசின் மாதிரி மாத்திரை கெடைக்கும், சிலது நல்லா தூக்கம் வர வைக்கும், ராத்திரி கப்பலுக்கு அது நல்லதுதான், ஆனா காலையில காரு ஓட்டுறவங்க கவனமா இருக்கணும். பெரியவங்க, கண்ணுல பிரஷர் உள்ளவங்க, மூத்திரம் போக கஷ்டப்படுறவங்க, மாசமா இருக்கிறவங்க கிளினிக்குல கேக்காம போடவே கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரை சீட்டையும் கொண்டு போய் காட்டிக் கேளுங்க.

மத்தபடி, வெறும் வயிறும் வேணாம், வயிறு முட்டவும் வேணாம். படுத்து கண்ண மூடிக்கிட்டா பாதி தெளியும், கேபின் வேணும்னு நான் அடம் புடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். கோடாலித் தைலம், இஞ்சி மிட்டாய், ஆசாம் போய் நம்ம ஆளுங்க பையில எப்பவும் இருக்கும், இருக்கட்டும்.

ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா? காலையில சாமி கும்புட கற்பூரம்?

ரெண்டும் கேபின்ல கூடவே கூடாது. கடல்ல கப்பலுக்கு தீயவிட பெரிய ஆபத்து கெடையாது, அதனால சமைக்கிற சாமான், விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுக்கும் எடமில்ல. ஒவ்வொரு கேபின்லயும் பொகைய கண்டுபுடிக்கிற கருவி இருக்கும், ஒரு சின்ன கற்பூரத்துக்கு ராத்திரி முழு கப்பலையும் எழுப்பி விட்டுடுவாங்க. சாமி படத்த வச்சு விபூதி பூசிக்கிட்டு கும்புடுங்க, அது போதும்.

சாப்பாடு கையில கொண்டு போகலாம், எலுமிச்ச சாதம், சப்பாத்தி, ஊறுகாய் எல்லாம் சரி, ஏறுற ராத்திரியே சாப்பிட்டு முடிச்சிடுங்க. டாஸ்மேனியா போறவங்க மட்டும் இத நல்லா கேளுங்க. அந்தத் தீவுக்குள்ள பச்சக் காய்கறி, பழம், செடி கொண்டு போக விட மாட்டாங்க, மெல்பர்ன்ல இருந்து ஆஸ்திரேலியாவுக்குள்ளயே போனாலும் அந்தச் சட்டம்தான். கறிவேப்பில, பச்ச மொளகா, வெத்தல, அம்மா பையில ஆப்பிள் ஒண்ணு கெடந்தாலும் எடுத்து வச்சிடுங்க, மோப்ப நாய் விட்டுப் பாப்பாங்க. மெல்பர்ன் வீட்ல இருந்து கெளம்புறப்பவே காரோட எல்லா மூலையும் பாத்துடுங்க.

பாத்ரூம்ல தண்ணி பைப்பு இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது, பேப்பர்தான். காலி மினரல் வாட்டர் பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. டாய்லெட் காத்தால உறிஞ்சுற மாதிரி, அமுக்குனா டப்புன்னு பெரிய சத்தம் வரும், பாட்டி பயந்துடுவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க.

காரோட போறோம். ராத்திரி காருக்குப் போய் சாமான் எடுக்க முடியுமா?

கப்பல் கெளம்பிடுச்சுன்னா கார் டெக்க பூட்டிடுவாங்க, சேர்ற வரைக்கும் தொறக்க மாட்டாங்க. மருந்து, இன்சுலின், குளிர் சட்டை, பிள்ளைக்குப் பால் புட்டி, சார்ஜர் எல்லாம் காரு விட்டு எறங்குறப்பவே கையோட வரணும். எந்த டெக்கு, எந்தப் படிக்கட்டுன்னு ஒரு போட்டோ எடுத்து வைங்க, காலையில நூத்துக்கணக்கான காருக்கு நடுவுல தேட வேண்டி வரும்.

கேபின் நம்பரும் அப்படித்தான். காரிடோர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கதவு சாத்துனா தானா பூட்டிக்கும். வீட்டுல உள்ள பெரியவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் டெக் நம்பர், கேபின் நம்பர் எழுதின துண்டுச் சீட்டும் அவங்களுக்குன்னு ஒரு கார்டும் குடுங்க. "நான்தான் கூடவே இருக்கேனே"ன்னு எல்லா மகனும் சொல்றதுதான், மகன் தூங்குனப்புறம் அப்பா காத்து வாங்க வெளிய போவாரு.

கார் டெக்குக்குக் கீழ கேபின் மலிவா இருக்கே, எடுக்கலாமா? முழுகிட்டா?

ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பழைய கப்பல் சிலதுல கார் டெக்குக்குக் கீழ, தண்ணி மட்டத்துக்குக் கிட்ட கேபின் இருக்கு, விலை ரொம்ப மலிவு. ஆட்டம் கம்மிதான். ஆனா ஏறி எறங்க நிறைய படி, லிப்டு எல்லா எடத்துக்கும் போகாது, பக்கத்துல இஞ்சின் சத்தம். நடக்க முடியிற இளவட்டத்துக்கு சரி, பெரியவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் நான் அத போட மாட்டேன்.

முழுகுற பயத்த சும்மா விடக் கூடாது, பதில் சொல்லணும். 1994 செப்டம்பர் 28 அன்னிக்கு தாலின்ல இருந்து ஸ்டாக்ஹோம் போன எஸ்டோனியாங்கிற ஃபெரி புயல்ல முன்பக்க மூடி ஒடைஞ்சு, கார் டெக்குக்குள்ள தண்ணி பூந்து முழுகிப் போச்சு, 852 பேர் எறந்தாங்க, 137 பேர்தான் பொழைச்சாங்க. அதுக்கப்புறம் கார் டெக்குல தண்ணி பூந்தாலும் கப்பல் கவுறாம நிக்கணும்ங்கிற விதி ஐரோப்பாவுல ரொம்ப கடுமையாச்சு. இன்னிக்கும் அந்தக் கடல்ல தெனம் ராத்திரி பெரிய கப்பலுங்க ஆயிரக்கணக்கான பேரோட போய் வந்துக்கிட்டுதான் இருக்கு. நீங்க செய்ய வேண்டியது, கேபினுக்குப் போனதும் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற படத்தப் பாருங்க, எந்த எடத்துல கூடணும்னு போட்டிருக்கும், அங்க ஒரு தடவ குடும்பத்தோட நடந்து போய் வாங்க. செருப்பு, கண்ணாடி, மருந்து கை எட்டுற எடத்துல வச்சுட்டுப் படுங்க.

எங்க பாட்டி சின்னப் பிள்ளையில நாகப்பட்டினத்துல இருந்து கப்பல்ல வந்தவங்க. கப்பல்னாலே வேணாம்னு அழுவுறாங்க. என்ன பண்றது?

முதல்ல அவங்கள பேச விடுங்க. 1926ல கட்டுன ரஜுலா மாதிரி கப்பல்ல நம்ம ஜனங்க டெக் பயணமா வந்தாங்க, கேபினாவது கட்டிலாவது, வெறும் தட்டுல பாய விரிச்சு, பொட்டி படுக்கையோட, வாந்தி எடுக்கிற கூட்டத்துக்கு நடுவுல நாள் கணக்கா கெடந்து வந்து பினாங்குல எறங்குனாங்க, பல பேர பினாங்கு பக்கத்து ஜெரஜாக் தீவுல நோய் பரவாம இருக்க தனியா வேற வச்சிருந்தாங்க. 1985ல சிதம்பரம் கப்பல்ல தீப்புடிச்சதோட அந்தப் பாதையும் நின்னு போச்சு, அந்தச் செய்தியும் அவங்க மனசுல இருக்கும். அவங்க பயப்படுறதுக்குக் காரணம் இருக்கு, "இப்ப அப்படியெல்லாம் இல்ல பாட்டி"ன்னு ஒரே வார்த்தையில அடக்காதீங்க.

வர சம்மதிச்சாங்கன்னா அவங்களுக்குன்னு நல்ல கேபின் போடுங்க. நடுப்பகுதி, கீழ் கட்டில், எதிர்க் கட்டில்ல பேத்தி, ஜன்னல் இருந்தா ரொம்ப நல்லது. ஏர்கோன் குளிரு அவங்களுக்கு ஆகாது, கூட ஒரு போர்வை கேட்டு வாங்கிக்கங்க, வீட்ல இருந்து அவங்க போத்திக்கிற சேலையையும் கொண்டு போங்க. சம்மதிக்கலைன்னா விட்டுடுங்க, பிளேன் இருக்கு.

நம்ம ஊரு பிளக்கு ஒத்துக்குமா?

இங்கிலாந்துக்கும் நமக்கும் ஒரே மூணு கால் பிளக்குதான், ஆனா கப்பல் கரையில இங்கிலாந்துல நின்னாலும் உள்ள ஐரோப்பா ரெண்டு கால் இருக்கலாம். ஸ்வீடன் ஃபின்லாந்து கப்பல்ல ரெண்டு கால், டாஸ்மேனியா கப்பல்ல ஆஸ்திரேலியா பிளக்கு. எல்லாத்துக்கும் ஒத்துக்கிற அடாப்டர் ஒண்ணு வாங்கிடுங்க. மூச்சு மெஷின் வச்சுத் தூங்குறவங்க, கட்டிலுக்குப் பக்கத்துல பிளக்கு இருக்கிற கேபின் வேணும்னு முன்னாடியே சொல்லணும்.

மணியும் மாறும். இங்கிலாந்துல இருந்து ஹாலந்து போறப்பவும், ஸ்வீடன்ல இருந்து ஃபின்லாந்து போறப்பவும் 1 மணி நேரம் முன்னாடி போகும், தூக்கத்துல 1 மணி நேரம் கொறையும். சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்பீக்கர்ல எழுப்பிடுவாங்க, அதனால ராத்திரி சாப்பாட்ட சீக்கிரம் முடிச்சுட்டுப் படுத்துடுங்க.

எப்ப புக் பண்ணணும்? ஏறுனப்புறம் கேபின் மாத்த முடியுமா?

டிசம்பர் ஜனவரி ஆஸ்திரேலியாவுல கோடை லீவு, டாஸ்மேனியா கப்பல்ல கேபின் சீக்கிரம் தீந்துடும், கான்வோ தேதி தெரிஞ்ச உடனே போட்டுடுங்க. ஐரோப்பாவுல ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அதே நெலமை. மத்த மாசத்துல கொஞ்சம் நேரம் எடுத்து விலை பாக்கலாம்.

பல கம்பெனியில நீங்க கேபின் வகையைத்தான் வாங்குறீங்க, நம்பர் செக்கின்லதான் குடுப்பாங்க. அதனால வரிசையில சீக்கிரமா நின்னு, "வயசானவங்க இருக்காங்க, நடுப்பகுதியில, லிப்டுக்கு ரொம்பவும் ஒட்டாம, ரொம்ப தூரமும் இல்லாம குடுங்க"ன்னு கவுண்டர்ல கேளுங்க. கேக்க கூச்சப்படாதீங்க, இருந்தா குடுத்துடுவாங்க. ஏறுனப்புறமும் ரிசெப்ஷன்ல மிச்ச கேபின் இருக்கான்னு கேக்கலாம், கப்பல் நிரம்பாத நாள்ல கொஞ்சம் காசு சேத்துக் கட்டுனா நல்ல கேபினுக்கு மாத்திக் குடுப்பாங்க. ஏறி முதல் அரை மணிக்குள்ள கேட்டாதான் நடக்கும், அதுக்கப்புறம் அங்க நீளமா வரிசை நிக்கும்.